காபிக் கெட்டில்: மேட்டுநிலத்தில் எதற்குக் காசு கொடுப்பது

பேப்பர் வழியாக ஊற்றி வடிக்கும் காபிக்கு, கடைகளில் ‘போர் ஓவர்’ என்று சொல்கிறார்களே அதற்கு, சாமான் அதிகம் வேண்டியதில்லை. ஒரு கூம்பு, அதற்குள் வைக்கப் பேப்பர், கீழே ஒரு கப், சமையலறைத் தராசு, வெந்நீர் ஊற்ற ஒரு கெட்டில். இத்தனையிலும் பையை அதிகம் காலி செய்வது கெட்டில்தான். சில நூறு ரூபாய்க்கும் கெட்டில் கிடைக்கிறது. பத்தாயிரத்தைத் தாண்டியும் கிடைக்கிறது. இந்த வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, தண்ணீரை இத்தனை டிகிரி என்று குறித்து அங்கேயே நிறுத்திவைக்கும் மின்னணுச் சுற்று. மற்றொன்று, அடியிலிருந்து கிளம்பி வளைந்து மேலேறும் மெல்லிய மூக்கு. கர்நாடகத்தில் கோலார் தங்கவயல் பக்கம், பூதிகோட்டை, பங்காருப்பேட்டை, ராபர்ட்சன்பேட்டை வட்டாரத்தில் வீட்டில் காபி போடுகிறவருக்கு முதலாவது அநேகமாக வேண்டியதே இல்லை. இரண்டாவது இல்லாமல் முடியாது. வெளிநாட்டு வழிகாட்டிகளும் விளம்பரங்களும் இதைத் தலைகீழாகச் சொல்வதால் காரணங்களை விரிவாகவே பார்த்துவிடலாம்.

முதலில் வெப்பம். இந்த முறைக்கு 92 முதல் 96 டிகிரி வரை சூடான தண்ணீர் வேண்டும் என்பது காபி உலகம் ஏற்றுக்கொண்ட பொதுவிதி. கடற்கரை ஊரில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதால், அதைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ள அங்கே தெர்மாமீட்டரோ டிகிரி காட்டும் கெட்டிலோ உதவும். கோலார் தங்கவயல் இருப்பதோ கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 850 மீட்டர் மேலே. பூதிகோட்டையும் அதே மேட்டுநிலத்து ஊர்தான். 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை சுமார் ஒரு டிகிரி குறையும். அந்தக் கணக்கில் இங்கே தண்ணீர் ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதற்கு மேல் அடுப்பை எவ்வளவு எரித்தாலும் ஆவிதான் போகும், சூடு ஏறாது. கொதித்த தண்ணீரை இறக்கி, மூடியைத் திறந்து, பேப்பரை நனைத்துக் கூம்பைச் சூடாக்கி, அந்த நீரைக் கொட்டிவிட்டுத் தூளைப் போடுவதற்குள் சூடு 95, 94-க்கு வந்திருக்கும். வெளிநாட்டுக்காரர் சுற்றுப் பலகை போட்டுப் பிடிக்கிற அந்த இடத்தை இந்த ஊர்த் தரைமட்டமே பிடித்துக் கொடுத்துவிடுகிறது. டிகிரி காட்டும் கெட்டிலில் 100 என்று அழுத்தினால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். இங்கே அந்த எண்ணை எட்டவே முடியாது. உயரத்தைக் குறித்துக்கொள்ளும் வசதி சில கெட்டில்களில் உண்டு. அது இல்லாத கெட்டில், இல்லாத 100-ஐத் தேடிக் கொதித்துக்கொண்டே இருக்கும்.

டிகிரிக்கு டிகிரி சுவை மாறாதா என்று கேட்பவர் உண்டு. இதற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2020-ல் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் ஒரு பதில் வெளியிட்டார்கள். காபியை 87, 90, 93 டிகிரித் தண்ணீரில் தயாரித்தார்கள். ஆனால் கப்பில் கரைந்திருக்கும் சத்தின் அளவும், தூளிலிருந்து இறங்கிய அளவும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கும்படி அரைப்பு முதலானவற்றைச் சரிசெய்துகொண்டார்கள். பயிற்சி பெற்ற சுவைஞர்களுக்கு அந்தக் காபிகளில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இதன் பொருள் வெப்பம் முக்கியமில்லை என்பதல்ல. ஆறிய தண்ணீரில் சத்து குறைவாகத்தான் இறங்கும். ஆனால் அந்தக் குறையை அரைப்பைக் கொஞ்சம் நைஸாக்கியோ நேரத்தைக் கூட்டியோ ஈடுகட்டிவிடலாம். இன்னொன்றும் உண்டு: கெட்டிலின் திரையில் தெரியும் எண் தூளுக்குப் போய்ச் சேருவதில்லை. அறைச் சூட்டில் இருக்கும் 15 கிராம் தூளில் 96 டிகிரித் தண்ணீர் 45 கிராம் விழுந்தால் இரண்டும் சேர்ந்த கலவை 90-க்குக் கீழே வந்துவிடும். தூளின் வெப்ப ஏற்புத் திறன் தண்ணீரில் பாதிக்கும் குறைவு என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு அப்படித்தான் வருகிறது. பீங்கான் கூம்பைச் சூடாக்காமல் விட்டால் இன்னும் இறங்கும். முதல் ஊற்றிலேயே இத்தனை டிகிரி கரைந்துபோகும் வேலையில், ஒரு டிகிரி துல்லியத்துக்காகப் பல ஆயிரம் கொடுப்பது நியாயமாகப் படவில்லை.

இதற்கு எதிராக வலுவாகச் சொல்லக்கூடியது வறுப்பைப் பற்றியது. இளவறுப்புக் கொட்டையில் சத்து லேசில் இறங்காது, அதற்கு நல்ல கொதி வேண்டும். கருக வறுத்ததில் கசப்பு சீக்கிரம் இறங்கிவிடும், அதற்கு 88, 90 போதும். இரண்டும் சரி. சிக்கமகளூரு, குடகுத் தோட்டங்களிலிருந்து இளவறுப்பாக வரும் எஸ். 795 போன்ற அரபிக்கா கொட்டைக்கு, கொதித்த கெட்டிலை அடுப்பிலிருந்து எடுத்த கையோடு ஊற்றுங்கள்; கூம்பை முன்னதாகவே நன்றாகச் சூடாக்குங்கள்; அரைப்பை ஒரு படி நைஸாக்குங்கள். இந்த உயரத்தில் 97-க்கு மேல் எந்த விலைக் கெட்டிலாலும் தரமுடியாது என்பதால் இங்கே பணத்துக்கு வேலையே இல்லை. கருவறுப்புக்கு இறக்கவேண்டும். வெந்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஒருமுறை மாற்றினாலே பல டிகிரி இறங்கும். ஆற்றிக் குடிக்கும் பழக்கமுள்ள வீடுகளில் இதற்குப் பாடம் நடத்தத் தேவையில்லை. ஒரே நாளில் பலவகைக் கொட்டைகளை ஒப்பிட்டுப் பார்ப்பவர், காபிக் கடை நடத்துபவர், இவர்களுக்கு மட்டும் டிகிரிக் கெட்டில் உண்மையாகவே வேலையைக் குறைக்கும்.

இனி மூக்கு. நம் வீட்டு எவர்சில்வர் ஃபில்டரை எடுத்துப் பாருங்கள். மேல் அடுக்கில் தூளைப் போட்டு, அதன்மேல் துளையுள்ள குடையை வைத்து அழுத்தி, வெந்நீரை எந்தச் சொம்பிலிருந்து கொட்டினாலும் டிகாக்ஷன் சரியாகவே இறங்குகிறது. காரணம் அந்தக் குடைதான். விழும் தண்ணீரின் வேகத்தை அது வாங்கிக்கொள்கிறது, துளைகள் வழியாகப் பரவலாக இறக்குகிறது, தூள் கலைந்து ஓரம் ஒதுங்காமல் பிடித்துக்கொள்கிறது. 1908-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி, மகனின் நோட்டிலிருந்த மையொற்றுத் தாளைத் துளையிட்ட பாத்திரத்தில் வைத்துக் காபி வடித்தார். பேப்பர் ஃபில்டருக்குத் தொடக்கம் அது. அதன் பிறகு வந்த கூம்புகள், 1941-ன் கெமெக்ஸ் ஆனாலும் இந்த நூற்றாண்டில் புகழ்பெற்ற ஜப்பானிய ஹாரியோ வி60 ஆனாலும், எதிலும் குடை கிடையாது. தூள் திறந்து கிடக்கிறது. தண்ணீர் எங்கே, எவ்வளவு, என்ன வேகத்தில் விழவேண்டும் என்பதை ஊற்றுகிற கைதான் தீர்மானிக்கிறது. குடை செய்த வேலை முழுவதும் கெட்டிலின் மூக்குக்கு வந்து சேர்ந்துவிட்டது. அகல வாயிலிருந்து குபுக்கென்று விழும் தண்ணீர் நடுவில் குழி பறிக்கும். தூள் சுவரோரம் ஏறி ஒட்டும். தண்ணீர் பேப்பரை ஒட்டிய வழியில் தூளைத் தொடாமலே நழுவும். கப்பில் வருவது ஒரே நேரத்தில் புளிப்பும் கசப்புமான நீர்த்த காபி. தூளைக் குறை சொல்வார்கள், வறுத்த கடையைக் குறை சொல்வார்கள். கோளாறு மூக்கில் இருக்கிறது.

இது பழக்கதோஷத்தால் சொல்வதல்ல. பென்சில்வேனியா பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 2025-ல் ‘பிசிக்ஸ் ஆஃப் ஃப்ளூயிட்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், கண்ணாடிக் கூம்பில் ஒளி ஊடுருவும் சிலிகா துகள்களைப் போட்டு, மேலிருந்து நீரை ஊற்றி, உள்ளே நடப்பதை லேசர் ஒளியில் அதிவேகக் கேமராவில் பிடித்தார்கள். உடையாத ஒரே தாரையாக விழும் நீர் நடுவில் குடைந்து இறங்குகிறது. சுற்றியிருக்கும் துகள்கள் சரிந்து அந்தக் குழியை நிரப்புகின்றன. மீண்டும் குடைகிறது, மீண்டும் சரிகிறது. தூள் முழுவதும் தண்ணீரில் புரளுவது இந்தச் சரிவால்தான். உண்மைக் காபியிலும் அளந்து பார்த்ததில், தாரை உடையாமல் உயரத்தைக் கூட்டி நிதானமாக ஊற்றினால் அதே தூளிலிருந்து கூடுதல் சத்து இறங்கியது. பத்து சதவீதம் வரை தூளை மிச்சம் பிடிக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. தாரை மிக மெல்லியதாகிச் சொட்டுச் சொட்டாக உடைந்தால் இந்தக் குடைதல் நின்றுபோகிறது. ஆகவே மெல்லிய மூக்கு என்றால் சொட்டவைக்கும் மூக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வேண்டியது கண்ணாடிக் கம்பிபோலத் தெளிவாக, சலசலக்காமல், ஒரு சாண் உயரத்திலிருந்து விழுந்தாலும் உடையாத தாரை. அகல வாய்க் கெட்டிலில் அப்படி ஒரு தாரையை ஓரிரு நொடி பிடிக்கலாம். மூன்று நிமிடம் பிடிக்கமுடியாது.

கெண்டி இருக்கிறதே, அதில் ஊற்றக்கூடாதா என்று கேட்கலாம். நல்ல கேள்வி, கெண்டியின் மூக்கு மெல்லியதுதான், தாரையும் ஒழுங்காக வரும். ஆனால் கைப்பிடி இல்லை. கழுத்தைப் பிடித்தே சாய்க்கவேண்டும், வெந்நீர் நிறைந்த பித்தளைக் கழுத்தைப் பிடிக்க எந்தக் கையாலும் ஆகாது. துணி சுற்றிப் பிடித்தால் சாய்மானம் கைக்கு அடங்காது. டீக்கடைக் கெட்டிலுக்கு இடர் வேறு: அதன் மூக்கு கட்டையானது, மேல்பக்கம் அகன்றது, கிளாஸை வேகமாக நிரப்புவதற்கென்றே செய்தது. பாலூற்றும் கூம்புவாய்ச் சிறு ஜக் கைவசம் இருந்தால் அது ஓரளவு பரவாயில்லை. கெட்டில் வாங்கும்வரை அதைவைத்துப் பழகலாம். ஆனால் வாய் திறந்த ஜக்கில் சூடு சீக்கிரம் போய்விடும் என்பதால், இந்த ஊர் நமக்கு இலவசமாகக் கொடுக்கும் வெப்பத்தை அங்கே இழந்துவிடுவோம்.

கடையில் பார்க்கும்போது மூக்கு எங்கே தொடங்குகிறது என்பதை முதலில் கவனியுங்கள். அடிப்பாகத்தில் தொடங்கினால் தண்ணீர் குறையக் குறையத் தாரை மாறாது. நடுவயிற்றில் தொடங்கினால் பாதி காலியானதும் அதிகம் சாய்க்கவேண்டிவரும், தாரை விட்டுவிட்டு வரும். நுனி ஒரே குறுக்களவில் இருக்கவேண்டும். புனல்போல விரிந்திருந்தால் வேண்டாம். கடைக்காரர் சம்மதித்தால் முக்கால் பங்கு தண்ணீர் பிடித்து ஒரு டம்ளரில் ஊற்றிப் பாருங்கள். கொஞ்சம் சாய்த்ததும் நூலிழையாகத் தொடங்குகிறதா, அல்லது ஒன்றுமே வராமலிருந்து திடீரென்று கொட்டுகிறதா? நிறுத்தும்போது நுனியிலிருந்து கழுத்து வழியாகக் கீழே வழிகிறதா? நன்றாகச் செய்த மூக்கில் கடைசிச் சொட்டு உள்ளே திரும்பிப் போகும். நொடிக்கு 4, 5 மில்லி என்ற நிதானத்தில், அதாவது 250 மில்லி தண்ணீரை ஒரு நிமிடம்போல நீட்டி ஊற்ற முடிந்தால் அது உங்கள் கெட்டில். கைப்பிடிக்கும் உடலுக்கும் இடையே விரல் முட்டி தட்டாத இடைவெளி வேண்டும், மணிக்கட்டைத் திருகாமல் சாய்க்க முடியவேண்டும். கொள்ளளவு 700 மில்லிக்கும் ஒரு லிட்டருக்கும் இடையில் இருந்தால் இரண்டு பேருக்குப் போதும். பெரிதாக வாங்கினால் கை சீக்கிரம் ஓய்ந்து தாரை நடுங்கும்.

மின்சாரமா அடுப்பா என்பது ஊரைப் பொறுத்தது. சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து 1902-லேயே தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவந்த வட்டாரம் இது. ஆனாலும் வீட்டுச் சுவிட்சில் வருகிற அழுத்தம் எல்லா நேரமும் ஒன்றல்ல. கெட்டிலின் திறன் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். 230 வோல்ட்டுக்கு 1000 வாட் என்று எழுதியிருக்கும் கெட்டில், 180 வோல்ட்டில் ஏறத்தாழ 610 வாட்தான் இழுக்கும். 600 மில்லி தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 97-க்குக் கொண்டுவர, வெளியே போகும் சூட்டைச் சேர்க்காமல், சுமார் 180 கிலோஜூல் வேண்டும். முழு வோல்டேஜில் மூன்று நிமிடம், குறைந்த வோல்டேஜில் ஐந்து. இதனால் காபி கெடாது, காத்திருப்புதான் நீளும். மின்வெட்டில் வீட்டு இன்வெர்ட்டரில் மட்டும் கெட்டிலை மாட்டாதீர்கள். விளக்குக்கும் ஃபேனுக்கும் அளவாக வைத்த சிறிய இன்வெர்ட்டர் இந்தப் பாரத்தைத் தாங்காது. கரண்ட் அடிக்கடி போகும் தெருவென்றால் அடுப்பில் வைக்கும் ஸ்டீல் கெட்டிலே நல்லது, விலையும் குறைவு. கேஸ் அடுப்பில் சின்ன பர்னரில் வையுங்கள், தீ அடியைத் தாண்டி மேலேறினால் பிளாஸ்டிக் கைப்பிடி உருகும். அடி குறுகலான கெட்டில் அடுப்புத் தாங்கியின் கம்பிகளில் சரியாக உட்காருகிறதா என்று பார்க்க, தாங்கியின் இடைவெளியை அளந்துகொண்டு கடைக்குப் போகலாம். இண்டக்ஷன் அடுப்பானால் காந்தம் ஒன்றை எடுத்துப்போங்கள், அடியில் ஒட்டவேண்டும். மின் கெட்டில் என்றால் ஐஎஸ்ஐ முத்திரையும் மூன்று முள் பிளக்கும் இல்லாததைத் தொடவேண்டாம்.

தண்ணீரைச் சொல்லாமல் கோலார் மாவட்டத்தில் கெட்டிலைப் பற்றிப் பேசமுடியாது. ஆழ்துளைக் கிணற்று நீர் இங்கே பெரும்பாலும் உப்புத் தண்ணீர், பல இடங்களில் ஃப்ளோரைடும் கூடுதல். கொதிக்கவைத்தால் ஃப்ளோரைடு போகாது. நீர் ஆவியாக ஆக அதன் செறிவு கூடத்தான் செய்யும். கடினநீரைக் கொதிக்கவைத்தால் கெட்டிலின் சுவரில் வெள்ளைக் காறை படியும். அது அடித்தட்டை மூடிச் சூட்டைத் தடுக்கும். அதைவிட மோசம், மூக்குக்குள் படிந்து துவாரத்தைச் சுருக்கி, நாம் காசு கொடுத்து வாங்கிய தாரையையே கோணலாக்கும். மூக்குக்குள் பிரஷ் போகாது. எலுமிச்சைச் சாறோ ஒரு கரண்டி சிட்ரிக் ஆசிடோ கலந்த தண்ணீரைக் கொதிக்கவைத்து, அரைமணி நேரம் ஊறவிட்டு, அதை மூக்கு வழியாகவே ஊற்றிவிட்டால் போதும். காபிக்கு ஊரிலுள்ள சுத்தக் குடிநீர் நிலையத்துக் கேன் தண்ணீரே மேல். ஆனால் ஆர்ஓ தண்ணீரில் தாது மிகவும் குறைந்துவிடுவதால் காபி மொட்டையாகத் தோன்றலாம். கால்சியம் கடினத்தன்மை லிட்டருக்கு 50 முதல் 175 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது என்று காபித் துறையினர் பரிந்துரைக்கிறார்கள். அதற்காக போர்வெல் தண்ணீரைக் கலக்கச் சொல்பவர்களைக் கேட்காதீர்கள். ஃப்ளோரைடு உள்ள ஊரில் அது தப்பு. தூளை ஒரு கிராம் கூட்டுவதோ கொஞ்சம் நைஸாக அரைப்பதோ ஆபத்தில்லாத வழி.

செய்முறை சுருக்கம்தான். 15 கிராம் தூளுக்கு 240 கிராம் தண்ணீர். சூடான, நனைந்த பேப்பரில் தூளைச் சமமாகப் பரப்பி, முதலில் 45 கிராம் ஊற்றி அரை நிமிடத்துக்கு மேல் விடுங்கள். புதிதாக வறுத்த கொட்டை என்றால் தூள் பொங்கி உப்பும், உள்ளேயுள்ள கரியமில வாயு வெளியேறுகிறது. அது அடங்கியபின் மீதியை இரண்டு மூன்று தவணையாக, நடுவிலிருந்து வெளியே வட்டமிட்டு, பேப்பர்ச் சுவரைத் தொடாமல் ஊற்றுங்கள். மொத்தம் மூன்று நிமிடத்தில் வடிந்துவிடவேண்டும். நாலரை நிமிடம் இழுத்தால் அரைப்பு நைஸ், இரண்டு நிமிடத்திலேயே வடிந்தால் கொரகொரப்பு அதிகம்.

பால் ஊற்றிக் குடிக்கும் வீட்டில் இதெல்லாம் எதற்கு என்பதுதான் கடைசியாக எழும் கேள்வி. கேட்பவர் பக்கம் நியாயம் இருக்கிறது. பேப்பரில் வடிந்தது கெட்டி டிகாக்ஷன் அல்ல; பால் சேர்த்தால் வெளிறிப்போகும். டபரா டம்ளரில் நுரைக்க ஆற்றிக் குடிக்கும் காபிக்கு எவர்சில்வர் ஃபில்டரை மிஞ்ச எதுவுமில்லை, அதைப் பரணில் போடச் சொல்லும் எண்ணம் இல்லை. ஆனால் இந்தியக் காபியில் ஏறத்தாழ 70 சதவீதம் கர்நாடகத்தில் விளைகிறது. அந்தத் தோட்டங்களின் நல்ல அரபிக்காவுக்குப் பழத்தின் புளிப்பும், மசாலா வாசனையும், தேன்போல் நிற்கும் பின்சுவையும் உண்டு. பாலும் சிக்கரியும் சேர்ந்தால் இவை அடியில் போய்விடும். வடித்து, பாலில்லாமல் குடித்தால்தான் நாக்குக்கு எட்டும். அதற்குத் தூள் வேறாக வேண்டும். வழக்கமான ஃபில்டர் பொடி இந்தப் பேப்பருக்கு மிகவும் நைஸ். அதில் சிக்கரியும் சேர்ந்தால் பேப்பர் அடைத்துக்கொண்டு தண்ணீர் இறங்காமல் நிற்கும். சிக்கரி கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருந்தால் சட்டப்படி போதும் என்பதால், பாக்கெட்டின் பின்பக்கச் சிறு எழுத்தையும் படித்துவிடுங்கள். அரைத்துத் தரும் கடையில், சிக்கரி சேர்க்காமல் மெல்லிய ரவைப் பதத்தில் வேண்டும் என்று சொல்லுங்கள். எந்திரத்துக்குள் முந்தைய வாடிக்கையாளரின் பொடி கட்டாயம் ஒட்டியிருக்கும். ஆகவே உங்கள் கொட்டையில் ஒரு கைப்பிடியை முதலில் ஓடவிட்டு, அதைத் தனிப் பொட்டலமாக வாங்கிக்கொள்ளுங்கள்; மீதியை அதற்குப் பிறகு அரைக்கட்டும். அந்தப் பொட்டலம் காலைப் பால் காபிக்கு ஆகும்.